சீமைப்பலாவா, வாழைக்காயா, மரவள்ளியா: வடசென்னை அடுக்களைக்கும் கொல்லைக்கும் எது தோது?

சீமைப்பலாவைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். அரிசிக்கோ உருளைக்கிழங்குக்கோ பதிலாக அதைச் சாப்பிடலாமா என்பது ஒன்று. கொல்லையில் ஒரு மரம் வைத்தால் வீட்டின் சோற்றுக் கவலை குறையுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மாதவரத்திலும் எண்ணூரிலும் ஒரே விடைதான். இரண்டாவதற்குத் தெருவுக்குத் தெரு விடை மாறும். அங்கே முடிவு செய்வது காயின் சத்து அல்ல, கிணற்றுத் தண்ணீர்.

எந்தக் காய் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். பலாப்பிஞ்சான பலாமுசு வேறு, சீமைப்பலா வேறு. இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள், அவ்வளவுதான் உறவு. சீமைப்பலா ஒன்றிரண்டு கிலோ எடையில், கூரான முள் இல்லாமல், கட்டம் கட்டமான பச்சைத் தோலோடு இருக்கும். அறுத்தால் சுளை கிடையாது, பெரும்பாலும் கொட்டையும் கிடையாது. நடுத்தண்டைச் சுற்றி வெள்ளை மாவுச்சதை மட்டும். மலையாளக் கடைகளில் கடச்சக்கை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இது ஈரப்பலாக்காய். அவர்களுக்குச் சமைக்கவும் தெரியும், பக்குவம் பார்த்து வாங்கவும் தெரியும்.

பசி தீர்க்கும் மரம் என்ற பெயர் இதற்குப் பழையது. பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகத்தான் ஆங்கிலக் கடற்படை அதிகாரி வில்லியம் பிளை கப்பல் ஏறினார். 1789-இல் ‘பவுன்டி’ கப்பலின் மாலுமிகள் கலகம் செய்ததால் முதல் பயணம் கெட்டது. இரண்டாம் பயணத்தில், 1793-இல், கன்றுகள் செயின்ட் வின்சென்ட்டுக்கும் ஜமைக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடுவது திட்டம். அவர்களோ பழகிய வாழைக்காயை விட்டு இந்தக் காயைத் தொட நெடுநாள் மறுத்தார்கள். 2001-இல் ஏற்கப்பட்ட உணவுப் பயிர் மரபுவளம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை, உணவுப் பாதுகாப்புக்கு முக்கியமான பயிர்களைப் பட்டியலிட்டது. அதில் சீமைப்பலா இருக்கிறது, பலா இல்லை. ஆக, பயிரின் தகுதியில் சந்தேகம் வேண்டாம். சாப்பிடுபவர் ஒப்ப வேண்டும், ஊர் மண் ஒப்ப வேண்டும், இரண்டுதான் கேள்வி.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

100 கிராமுக்கான அளவுகள் கீழே. சோறு வெந்த நிலையில், மற்றவை தோல் நீக்கிய பச்சை நிலையில். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையை ஒட்டிய எண்கள், சற்று முழுமையாக்கியவை.

| உணவு | கலோரி | புரதம் (கி) | மாவுச்சத்து (கி) | நார் (கி) | பொட்டாசியம் (மி.கி) | வைட்டமின் சி (மி.கி) |
|---|---|---|---|---|---|---|
| சீமைப்பலா | 103 | 1.1 | 27 | 4.9 | 490 | 29 |
| மரவள்ளி | 160 | 1.4 | 38 | 1.8 | 271 | 21 |
| சர்க்கரைவள்ளி | 86 | 1.6 | 20 | 3.0 | 337 | 2.4 |
| உருளைக்கிழங்கு | 77 | 2.0 | 17.5 | 2.1 | 425 | 20 |
| வெள்ளைச் சோறு | 130 | 2.7 | 28 | 0.4 | 35 | 0 |

வாழைக்காயை வேண்டுமென்றே அட்டவணையில் சேர்க்கவில்லை. அமெரிக்க அட்டவணை சொல்லும் வாழைக்காய் மாவு இறுகிய நேந்திரன் வகையைச் சேர்ந்தது, 120 கலோரிக்கு மேல் போகும். நம் சந்தையில் பஜ்ஜிக்கு வாங்கும் மொந்தனில் ஈரம் அதிகம். நம் நாட்டின் பழைய சத்து அட்டவணை அதற்கு 60-65 கலோரிதான் கொடுக்கிறது. பெயர் ஒன்றானாலும் பாதிக்குப் பாதி வித்தியாசம். இணையத்தில் ‘வாழைக்காயின் சத்து’ என்று தேடி எடுக்கும் எண் எந்தக் காயுடையது என்று பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது.

அட்டவணையில் சீமைப்பலா பளிச்சென்று நிற்பது நாரிலும் பொட்டாசியத்திலும். சோற்றைவிட நார் பத்து மடங்குக்கு மேல். வயிறு நிறைவதாக உணரவைக்கும், மலச்சிக்கலுக்கு நல்லது, சர்க்கரை ஏறுவதையும் கொஞ்சம் நிதானப்படுத்தும். ‘வயிற்றை நிரப்புவதோடு உடம்புக்கு வேறு நன்மையும் செய்யும் உணவு’ என்று இதை விற்பதற்கு முதன்மைக் காரணம் இந்த நார்தான். வைட்டமின் சி-யைப் பச்சைக்காயின் எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும், ஆவியில் வேகவைத்தால் இழப்பு குறையும்.

பலர் கவனிக்காத எண் மாவுச்சத்துடையது. சீமைப்பலா 27, சோறு 28. சீமைப்பலாவின் எண்ணில் நாரும் அடக்கம், அதைக் கழித்தாலும் எடைக்கு எடை சோற்றுக்கு வெகு தூரமில்லை. சீமைப்பலாப் பொரியலைத் தொட்டுக்கொண்டு வழக்கமான அளவு சோறும் சாப்பிடுகிறவர் உண்மையில் சோற்றுக்குத் தொடுகறியாகச் சோற்றையே வைத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளிக்கு இதனால் நன்மை வேண்டுமென்றால் தட்டில் ஒரு கரண்டி சீமைப்பலா ஏறும்போது ஒரு கரண்டி சோறு இறங்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இதே கதைதான், ஆனால் அதை யாரும் மருந்து என்று சொல்லிச் சாப்பிடுவதில்லை.

அரிசியை எடுத்துவிட்டால் போவது என்ன?

ஒரு வேளைக்கு 400 கிராம் சோறு சாப்பிடுபவருக்குச் சுமார் 520 கலோரியும் 10.8 கிராம் புரதமும் கிடைக்கிறது. அதே கலோரிக்கு 500 கிராம் சீமைப்பலா வேண்டும். அதில் புரதம் சுமார் 5.5 கிராம்தான். பாதி போய்விட்டது. 25 கிராம் துவரம்பருப்போ 30 கிராம் நெத்திலியோ சேர்த்தால் ஈடாகிவிடும். காசிமேட்டுப் பக்கம் இது பெரிய காரியமில்லை. மரவள்ளிக்கு மீன்குழம்பு என்று கேரளக் கரையில் பொருத்தி வைத்ததன் கணக்கும் இதுதான். மீன் இல்லாத நாளில் கடலைப்பருப்புக் கூட்டு. வெறும் உப்பும் மிளகாயும் போட்ட சீமைப்பலாவை ஒரு வேளைச் சாப்பாடு என்று கணக்கு வைக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இன்னும் கவனம் தேவை. சின்ன வயிற்றை நார் சீக்கிரம் நிரப்பிவிடும், புரதமும் கொழுப்பும் உள்ளே போக இடமிருக்காது. குழந்தைக்குக் கொடுப்பதென்றால் பருப்போடு மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, சோற்றுக்குப் பதிலாக அல்லாமல் சோற்றோடு கொஞ்சமாக.

இரண்டாவது இழப்பு இரும்புச்சத்து. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு சேர்க்க வேண்டும் என்பது விதி. ரேஷனில் அது கிடைத்து, நாளுக்கு 300 கிராம் சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அதிலிருந்து 8 முதல் 13 மில்லிகிராம் வருகிறது. தேவை 29 மில்லிகிராம் என்னும்போது இது சின்னப் பங்கில்லை. சீமைப்பலாவில் இரும்பு 100 கிராமுக்கு அரை மில்லிகிராம் அளவே. ரத்தசோகை உள்ள வீட்டில் அந்த அரிசியை நிறுத்திவிட்டு ‘சத்தான’ காய்க்கு மாறினால் உள்ளதும் போகும். இதில் ஒரு வேடிக்கை: அந்தச் செறிவூட்டிய மணிகள் நிறத்தில் சற்று மாறியும் தண்ணீரில் மிதந்தும் நிற்பதால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அரிசி மாவில் சத்தைக் கலந்து திரும்ப அரிசி வடிவில் பிழிந்தது. எறிய வேண்டாம்.

விலையையும் கலோரியில் பாருங்கள். ஒரு கிலோ சீமைப்பலாவில் தோலும் தண்டும் போக 780 கிராம் தேறும், அதாவது 800 கலோரி. ஒரு கிலோ மரவள்ளியில் தோல் போக 1,300 கலோரிக்குப் பக்கம். ஒரு கிலோ அரிசியில் 3,500. எனவே சீமைப்பலா விலை மரவள்ளி விலையில் ஐந்தில் மூன்று பங்கு இருந்தால்தான் கணக்கு சமம்: மரவள்ளி 40 ரூபாய் என்றால் சீமைப்பலா 25 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். அரிசியோடு போட்டி போட அரிசி விலையில் கால்பங்குக்கும் கீழே வர வேண்டும். கேரளத்திலிருந்து வண்டிக்கூலி ஏறி வரும் காய் சென்னையில் அந்த விலைக்கு இறங்காது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் வீட்டில் இந்த ஒப்பீடே வீண். எனவே கடையில் வாங்கும் சீமைப்பலா இங்கே வயிற்றை நிரப்பும் பண்டமாக நிற்காது. உருளைக்கிழங்கின் இடத்தில், வாரத்துக்கு ஒருநாள் வைக்கத் தகுந்த நல்ல காய், அவ்வளவே.

யாருக்கு ஆகாது

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவர்கள், பொட்டாசியம் எண்ணை மறுபடி பாருங்கள். ஒரு கிண்ணம், அதாவது 200 கிராம், சாப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம். சோற்றில் அதே அளவுக்கு 70. காயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு இதே பொட்டாசியம் நன்மை. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் வகை என்பதால், மாத்திரை எடுப்பவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ரப்பர் கையுறை ஒவ்வாமை உள்ளவர்கள் பால் வடியும் இந்தக் காயை நறுக்கும்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல கிருமிகளுக்கு உணவாகும் மாவுச்சத்துக்காக இந்தக் காயைத் தேடுகிறவர்களும் உண்டு. வேகவைத்து ஆறவைத்த சீமைப்பலாவில் அது கூடும். வாழைக்காய், உருளை, சோறு எல்லாவற்றிலும் அப்படித்தான் கூடும். தேவை அது மட்டும்தான் என்றால் பழைய சோற்றுக்குச் செலவே இல்லை. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

எதிரில் நிற்கும் மற்றவை

மரவள்ளி கலோரியில் ராஜா, மற்றதில் ஏழை. அதிலுள்ள ஒரு சேர்மம் நறுக்கும்போது சிதைந்து சயனைடை வெளிவிடும். காய்கறிக்கடையில் வரும் இனிப்பு வகையில் இது குறைவு. சேலம் பக்கம் ஜவ்வரிசிக்குப் பயிரிடும் வகைகளில் கூடுதலாக இருக்கும். கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டுங்கள். மேல்தோலோடு உள்ளிருக்கும் தடித்த இளஞ்சிவப்புத் தோலையும் உரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குக்கரில் கொஞ்சத் தண்ணீரில் மூடி வேகவைத்து அந்த நீரோடு மசிப்பதுதான் தவறான முறை. கிழங்கு தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடும், வாங்கும்போது முனையை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சர்க்கரைவள்ளியில் எல்லாம் சதையின் நிறம்தான். பொங்கலையொட்டிக் குவியும் சிவப்புத்தோல் கிழங்கில் உள்ளே வெள்ளையாக இருந்தால் வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை. ஆரஞ்சுச் சதை என்றால் கதை வேறு. திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘பூ சோனா’ ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மேலே உள்ள பட்டியலில் வேறெதுவும் இதற்குக் கிட்டே வராது. ஆரஞ்சுக் கிழங்கு கண்ணில் பட்டால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சீமைப்பலாவைவிட அதுதான் முதலில்.

வாழைக்காய்க்கு விளம்பரமே இல்லை. ஆண்டு முழுக்கக் கிடைக்கும். தள்ளுவண்டியில் வரும். நாலைந்து நாள் தாங்கும், மீறிப் பழுத்தாலும் வீணில்லை. பொட்டாசியமும் செரிக்காத மாவுச்சத்தும் இதிலும் உண்டு. வடசென்னைக் குடும்பம் வாரம் இரண்டு நாள் உருளைக்கிழங்கை மாற்ற வேண்டும் என்றால் எங்கள் தேர்வு வாழைக்காய்தான். சீமைப்பலா அதன் பருவத்தில், ஏறக்குறைய தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, பெரம்பூர், அயனாவரம் பக்கத்து மலையாளக் கடைகளில் தென்படும்போது.

வாங்கி நறுக்குவது

பிஞ்சுக்காயின் கட்டங்கள் கூம்பிக் கூர்மையாக நிற்கும், தோல் அடர்பச்சை. வேகவைத்தால் சவசவ என்று இருக்கும். முற்றிய காயில் கட்டங்கள் தட்டையாகி, பச்சையில் மஞ்சள் ஓடி, ஆங்காங்கே உலர்ந்த பால் பொட்டுகளும் பழுப்புத் தழும்புகளும் தெரியும். அதுதான் சமையலுக்கு. அந்தப் பழுப்பைப் பார்த்து அழுகல் என்று ஒதுக்கிவிடுவது புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறு. அமுக்கினால் விரல் பதிந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது. மாவு சர்க்கரையாக மாறிவிட்ட அந்தக் காய் பாயசத்துக்கு ஆகும், சர்க்கரை நோயாளிக்கு ஆகாது.

முற்றிய காய் நம் வெக்கையில் ஒன்றிலிருந்து மூன்று நாளில் பழுத்துவிடும். வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால் முழுக்காயை வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கும். பச்சைக்காயை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கித் தோல் கறுக்கும். தோல் சீவி, துண்டாக்கி, ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் உலர்த்தி ஃப்ரீசரில் வைப்பது சரியான வழி.

கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவுங்கள். காம்பை வெட்டிக் காயைக் கவிழ்த்து கால்மணி நேரம் வைத்தால் பால் வடிந்துவிடும். நாலாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட்டு, தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவ வேண்டும். மெல்லிசாகச் சீவினால் பச்சை நரம்பு தங்கித் துவர்க்கும். துண்டுகளை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். ஒரு அங்குலத் துண்டு திறந்த பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம். குக்கரில் இரண்டு விசிலுக்கு மேல் விட்டால் கூழாகிவிடும், அப்போது மசியலாக்கிக்கொள்ள வேண்டியதுதான். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துப் போட்ட கூட்டுக்கும், கருவாட்டுக் குழம்புக்கும் நன்றாகப் போகும். சிப்ஸ் போடலாம், சுவையாகத்தான் இருக்கும். ஆனால் ஈரம் போய் எண்ணெய் ஏறிய அந்தச் சிப்ஸுக்கும் மேலே சொன்ன அட்டவணைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஐம்பது பிள்ளைகளுக்குச் சமைக்கும் பொதுச் சமையலறை என்றால் தலைக்கு 100 கிராம் வீதம் 5 கிலோ சதை, அதற்கு ஆறரைக் கிலோ முழுக்காய். காயின் எடையைவிட நறுக்குவதற்கான ஆள் கணக்கைத்தான் முன்கூட்டிப் போட வேண்டும். பால் ஒட்டும் காயை உருளை சீவும் வேகத்தில் சீவ முடியாது. முதல்முறை புதுக்காயைத் தனியாகப் பரிமாறாமல் சாம்பாரிலோ குருமாவிலோ உருளைக்கிழங்கோடு பாதிக்குப் பாதி கலந்து போடுவது பயன் தரும்.

மாவாக்கி வைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு கிலோ முழுக்காய்க்கு 230-250 கிராம் மாவு தேறும். மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சீவி, இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை காயவைக்க வேண்டும். காய் வரும் ஆடி, ஆவணி மாதங்களில் சென்னையில் சாயங்கால மழை உண்டு. கரையோரத்தில் இரவில் எடுத்து மூடாத துண்டுகள் காற்றின் ஈரத்தை மறுபடி குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். கருவாடு காயவைக்கும் அதே மாடியில் போட்டால் வாடையும் ஏறும். பசைத்தன்மை தரும் கோதுமைப் புரதம் இந்த மாவில் இல்லாததால் தனியாகச் சப்பாத்தி தேய்க்க வராது, விண்டுபோகும். கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்கு கலக்கலாம். புட்டுக்கும் அடைக்கும் கூடுதலாகவே போடலாம். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும் மாவு. மற்றவர்கள் கடை மாவுக்குக் கொடுக்கும் விலைக்குக் கேழ்வரகு வாங்குவது மேல்.

கொல்லையில் வைக்கலாமா?

இந்த மரத்துக்குப் பிடித்தது ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்யும் 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் மழையும், தண்ணீர் தேங்காத மண்ணும், 21 முதல் 32 டிகிரி வெப்பமும். அதனால்தான் கேரளத்திலும் கொங்கணத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேட்பாரின்றிக் காய்க்கிறது. சென்னைக்குக் கிடைக்கும் மழை மொத்தத்தில் அதிகம் குறைவில்லை, சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆனால் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த இரண்டு மாதம் வேர் தண்ணீரில் நிற்கும், தையிலிருந்து வைகாசி வரை காயும். இந்த மரம் இரண்டையும் வெறுக்கும். கோடையில் தண்ணீர் காட்டாவிட்டால் பிஞ்சு உதிரும்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பின் தாழ்வான தெருக்களில் யோசிக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்ற இடத்தில் சீமைப்பலாக் கன்று பிழைக்காது. அதோடு இது பெரிய மரம், 12 முதல் 15 மீட்டர் உயரம் போகும், சுவரிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மூன்று பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் அது நடக்காது. கிளை மென்மையானது. 2016 டிசம்பரில் வர்தா அடித்ததுபோல் இன்னொன்று வந்தால் முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல்தான் விழும்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மீஞ்சூர் வரை பிரச்சினை உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்ட விஷயம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, வாயில் கரிக்கிறது என்றால் அந்தத் தண்ணீரில் இதை வளர்க்க முடியாது. இலை ஓரம் கருகுவது முதல் அறிகுறி, அடுத்த கோடையில் கிளைநுனி காயும். அங்கே தென்னையும், குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் இரண்டு மொந்தன் வாழையும் போதும். வாழை ஓராண்டில் தாரைக் கொடுத்துவிட்டுப் பக்கக்கன்றையும் விட்டுப்போகும். புயலில் சாய்ந்தாலும் நட்டம் ஒரு தார்தான்.

மணலி, கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்கு சுற்றுவட்டாரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மண்ணில் ஈயம் போன்ற உலோகம் இருக்கலாம் என்று சந்தேகமிருந்தால், மண்ணுக்குள் விளையும் கிழங்கும் மண்ணையொட்டி வளரும் கீரையும்தான் முதலில் தவிர்க்க வேண்டியவை. மரத்தின் உச்சியில் காய்ப்பதில் அது சேர்வது பொதுவாகக் குறைவு. எனவே அங்கே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தரையில் வேண்டாம், நல்ல மண் நிரப்பிய பைகளில் வேண்டுமானால் போடலாம். தரையில் வைப்பது மரமாக இருக்கட்டும், அதுவும் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகு.

மிஞ்சுவது மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம். மேட்டு நிலம், நல்ல தண்ணீர், பத்துக்குப் பத்து மீட்டர் இடம், மூன்றும் இருந்தால் வைக்கலாம். பள்ளி வளாகமோ கோயில் நந்தவனமோ வீட்டைவிடப் பொருத்தம். காரணம் விளைச்சல்தான்: நல்ல மழைப்பகுதியில் வளர்ந்த மரம் ஆண்டுக்கு 100 முதல் 200 கிலோ கொடுக்கும். இங்கே பாதி என்று வைத்தாலும், அது சில வாரங்களில் மொத்தமாக வந்து, மூன்று நாளில் பழுத்துவிடும் காய். நாலு பேர் உள்ள குடும்பத்தால் சமாளிக்க முடியாது. மரம் கைக்கு வந்துவிட்டால் முன்சொன்ன விலைக் கணக்கு தலைகீழாகிறது என்பதும் உண்மை. வண்டிக்கூலி இல்லை, அன்றன்று பறிக்கலாம், அப்போது சீமைப்பலா அரிசியின் சுமையை உண்மையாகவே கொஞ்சம் குறைக்கும்.

இடமும் தண்ணீரும் குறைவு, ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் முருங்கை வையுங்கள். அது மாவுச்சத்து தராது. ஆனால் ரேஷன் அரிசி உள்ள வீட்டில் குறைவது மாவுச்சத்து அல்லவே. கீரையிலுள்ள கால்சியமும் வைட்டமின் ஏ-யும் புரதமும் சீமைப்பலாவால் ஈடு செய்ய முடியாதவை. பெரியகுளம்-1 ரகம் விதை போட்ட ஆறாம் மாதமே காய்க்கு வரும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

சீமைப்பலாதான் என்று முடிவு செய்தவர்களுக்கு: கொட்டை இல்லாத வகை என்பதால் வேரிலிருந்து வெடித்த கன்றோ, பதியனோ, திசுவளர்ப்புக் கன்றோதான் கிடைக்கும். ‘விதைக் கன்று’ என்று யாராவது நீட்டினால் அது கொட்டையுள்ள வேறு வகை அல்லது பலா. மகரந்தத்துக்குத் துணைமரம் தேவையில்லை, ஒன்றே காய்க்கும். ஆடியில் வெயில் தணிந்ததும் இரண்டடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து, சுற்றிலும் தரை மட்டத்துக்கு ஓரடி மேடு கட்டி நடுங்கள். அப்போதுதான் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும், தண்ணீரும் தண்டருகே நிற்காது. முதல் கோடையில் தென்னங்கீற்று நிழல், வாரம் மூன்று தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு. மாவுப்பூச்சி வெள்ளையாகப் படிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். வேர்க்கன்று மூன்றிலிருந்து ஐந்து ஆண்டில் காய்க்கும். காய்த்து முடிந்ததும் நுனியை வெட்டி ஐந்து மீட்டருக்குள் நிறுத்துங்கள், காற்றுக்கும் தாங்கும், கொக்கிக் கழிக்கும் எட்டும். கீழே விழுந்த காய் மறுநாளே கன்றிவிடும், ஆகவே கழியின் நுனியில் ஒரு வலைப்பை கட்டிக்கொள்ளுங்கள்.